போல்டுல வந்த ஏழு நம்பரும் போல்டுல வராத ஒண்ணும்

தண்டையார்பேட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வைஃபுக்கு 26 வாரம், மொத கொழந்த. செவ்வாக்கெழம காலையில ப்ளட் குடுத்துட்டு வந்திருக்காங்க, சாயங்காலமே வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் வந்துடுச்சு, ஏழு எடத்துல போல்டு எழுத்து, பக்கத்துல ஹை, லோன்னு. டாக்டர வெள்ளிக்கெழம தான் பாக்க முடியும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு போன்ல ஒவ்வொண்ணா தேடிப் பாத்து ப்ளட் கேன்சரா, லிவர் போச்சான்னு அழுதுட்டு இருக்கு, மாமியார் ரத்தம் ஊறட்டும்னு மூணு வேளையும் மாதுளை ஜூஸ் குடுத்துட்டு இருக்காங்க. அவர் அனுப்புன நம்பருங்க இது தான்: ஹீமோகுளோபின் 9.6, எம்.சி.வி. 71, வெள்ளை அணு 13,400, இ.எஸ்.ஆர். 58, பிளேட்லெட் 1 லட்சத்து 32 ஆயிரம், அல்கலைன் பாஸ்படேஸ் 162, கிரியேட்டினின் 0.4. இது ஏழும் போல்டு. கடைசியா ஒரு வரி, "சுகர் 148, க்ளுக்கோஸ் தண்ணி குடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தாங்க, அது நார்மல் தான் போல, போல்டு இல்ல"ன்னு எழுதியிருக்காரு.

தம்பி, நான் டாக்டர் இல்ல. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் லேப்லயே 20 வருஷத்துக்கு மேல டெக்னீஷியனா இருந்தவ, மாசமா இருக்கற பொண்ணுங்களோட ரத்தம் எத்தன ஆயிரம் ட்யூப் என் கையில போயிருக்குன்னு எனக்கே தெரியாது. அந்த அனுபவத்துல சொல்றேன், நீங்க எழுதுனதுல இன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நம்பர் எதுவும் இல்ல. ஆனா அந்த ஏழுல நாலு வெறும் பயம், ஒண்ண கவனமா பாக்கணும், ரெண்டுக்கு உடனே வைத்தியம் வேணும். எல்லாத்தையும் விட முக்கியமானது போல்டே ஆகாம கடைசி வரியில உக்காந்திருக்கு.

எதனால இப்படி ஆகுதுன்னா, ரிப்போர்ட்ல வலது பக்கம் நார்மல் ரேஞ்சுன்னு ஒண்ணு போட்டிருக்கு இல்ல, அது பெரும்பாலும் மாசமா இல்லாத சாதாரண ஆளுங்கள வச்சு போட்டது. லேப் சாஃப்ட்வேர்ல வயசு, ஆணா பொண்ணான்னு தான் என்ட்ரி போடுவோம், எத்தன மாசம்னு கேக்கற எடமே பல லேப்ல கிடையாது. அந்த மெஷினுக்கு உங்க வைஃப் 24 வயசு பொம்பள, அவ்ளோ தான். இன்னொண்ணு, ஆரோக்கியமா இருக்கற நூறு பேர எடுத்தா நடுவுல இருக்கற 95 பேரோட நம்பர தான் நார்மல்னு வைப்பாங்க, மிச்ச அஞ்சு பேருக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லன்னாலும் போல்டு வந்துடும். ஒரே நாள்ல இருபது டெஸ்ட் எடுத்தா ஒண்ணாவது போல்டு ஆகறது சகஜம். மாசமா இருந்தா இன்னும் ஜாஸ்தி, ஏன்னா அந்த ஒடம்பே வேற கணக்குல ஓடுது. ரத்தத்துல இருக்கற தண்ணிப் பகுதி கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடிடும், கிட்னி ஒண்ணரை மடங்கு வேல பாக்கும், நஞ்சுக்கொடி தன் பங்குக்கு சில பொருள ரத்தத்துல கலக்கும்.

இப்ப அந்த நாலு. வெள்ளை அணு 13,400ங்கறது இந்த மாசத்துக்கு சர்வ சாதாரணம், கர்ப்பத்துல 15, 16 ஆயிரம் வரைக்கும் போகும், பிரசவ வலி வந்தா 25 ஆயிரத்தையும் தாண்டும். கொழந்தையோட நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டாங்கன்னா அதுக்கும் ரெண்டு நாள் ஏறும். காய்ச்சல், யூரின் போறப்ப எரிச்சல், வயித்து வலி இருந்தா தான் இந்த நம்பருக்கு அர்த்தம். ப்ளட் கேன்சர்னு தேடினதெல்லாம் விட்டுடச் சொல்லுங்க. இ.எஸ்.ஆர்.ங்கறது ட்யூப்ல செவப்பணு எவ்ளோ வேகமா கீழ எறங்குதுன்னு பாக்கற டெஸ்ட், அது கர்ப்பத்துல ஏறும், ரத்தத்துல ஃபைப்ரினோஜன்ங்கற புரோட்டீன் கூடறதால செவப்பணு சீக்கிரம் கீழ எறங்குது, அவ்ளோ தான், என்னக் கேட்டா மாசமா இருக்கறவங்களுக்கு அந்த டெஸ்ட்டே வேண்டியதில்ல. அல்கலைன் பாஸ்படேஸ் லிவர் லிஸ்ட்ல வர்றதால லிவர் போச்சுன்னு பயந்திருக்காங்க. அது லிவர் மட்டும் போடறதில்ல, நஞ்சுக்கொடியும் போடும், ஒம்பதாம் மாசத்துல சாதாரண அளவ விட ரெண்டு மூணு மடங்கு கூட போகும். கிரியேட்டினின் 0.4 லோன்னு வந்தது கிட்னி நல்லா ஓடுதுன்னு அர்த்தம்.

அந்த கிரியேட்டினின்லயே ஒரு விஷயம் சொல்லணும். அது 0.9, 1.0ன்னு வந்தா ரிப்போர்ட்ல நார்மல்னு தான் பிரிண்ட் ஆகும், போல்டு ஆகாது. ஆனா கர்ப்பிணிக்கு 0.8க்கு மேல போனாலே பிரஷர் எவ்ளோ, யூரின்ல புரோட்டீன் போகுதான்னு டாக்டர் பாப்பாங்க. போல்டு ஆனது எல்லாம் ஆபத்து, ஆகாதது எல்லாம் சேஃப்னு வீட்ல யாரும் முடிவு பண்ணக் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு இது ஒரு காரணம். லிவர் டெஸ்ட்ல எஸ்.ஜி.பி.டி.ன்னு ஒண்ணு வரும், அது கர்ப்பத்தால ஏறாது. அது ஏறுனா கர்ப்பம்னா அப்படித்தான்னு விடக் கூடாது.

கவனமா பாக்க வேண்டியது பிளேட்லெட். 1 லட்சத்து 32 ஆயிரம், லேப் ரேஞ்ச் ஒண்ணரை லட்சத்துல ஆரம்பிக்குது, அதனால போல்டு. கர்ப்பத்துல, அதுவும் கடைசி மாசங்கள்ல, கொஞ்சம் எறங்கறது நெறய பேருக்கு நடக்கும், தாய்க்கும் ஒண்ணும் ஆகாது, கொழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது, பிரசவத்துக்கப்புறம் தானா சரியாயிடும். பொதுவா அது ஒரு லட்சத்துக்கு கீழ போகாது, போனா வேற காரணம் தேடுவாங்க. உங்களுக்கு இப்ப வேணுங்கறது ரெண்டு, பிரஷர் எவ்ளோன்னு பாக்கறது, மூணு நாலு வாரத்துல திரும்ப எடுக்கறது. பிரஷரும் ஏறி பிளேட்லெட்டும் எறங்குனா கத வேற, அத கீழ சொல்றேன். நம்ம பக்கம் மழ சீசன்ல இன்னொண்ணும் சேந்துக்கும். வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டைன்னு தண்ணி தேங்குனா டெங்கு வரும், காய்ச்சலோட பிளேட்லெட் எறங்குனா கர்ப்பம்னால தான்னு வீட்ல வச்சுப் பாக்காதீங்க, அன்னைக்கே போயிடணும்.

பிளேட்லெட்னா எனக்கு ஒரு நாள் ஞாபகம் வருது. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, ஏழாம் மாசம், வெளிய ஒரு லேப்ல பிளேட்லெட் 42 ஆயிரம்னு குடுத்துட்டாங்க. வீடே கலங்கிப் போச்சு, ரத்தம் ஏத்தணும்னு ராத்திரியோட ராத்திரியா ஆளத் தேடுறாங்க. பொண்ணப் பாத்தா ஒடம்புல ஒரு செவப்புப் புள்ளி கூட இல்ல, ஈறுல ரத்தம் இல்ல, நல்லா சாப்டுது. எனக்கு சந்தேகம் வந்து அந்த ஊதா மூடி ட்யூப்ப வாங்கி ஒரு சொட்டு ஸ்லைடுல தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல வச்சா, ஸ்மியரோட ஓரத்துல பிளேட்லெட் எல்லாம் பத்து இருபதா ஒட்டிக்கிட்டு கொத்துக் கொத்தா கெடக்கு. மெஷின் அந்தக் கொத்த பிளேட்லெட்டாவே எண்ணல. ரத்தம் உறையாம இருக்க அந்த ட்யூப்ல போட்டிருக்கற ஈ.டி.டி.ஏ. மருந்துக்கு சில பேரு ரத்தம் அப்படி ஒட்டிக்கும், இல்ல ரத்தம் எடுத்ததும் ட்யூப்ப மெதுவா எட்டு பத்து தடவ கவுத்து நிமித்தலன்னாலும் ஒட்டும். நீல மூடி ட்யூப்ல திரும்ப எடுத்துப் பாத்தா 1 லட்சத்து 80 ஆயிரம். ஒரு ராத்திரி அந்தக் குடும்பம் பட்ட பாட்ட நான் இன்னும் மறக்கல. அதனால பிளேட்லெட் திடீர்னு ரொம்ப கம்மியா வந்தா ஸ்மியர்ல பாத்தீங்களான்னு லேப்ல கேளுங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

இப்ப ஹீமோகுளோபின். ரத்தத்துல தண்ணிப் பகுதி அவ்ளோ கூடறப்ப செவப்பணு அந்த அளவுக்கு கூடறதில்ல, கொழம்புல தண்ணி ஊத்துனா காரம் கொறையற மாதிரி நம்பர் கொஞ்சம் எறங்கும். அதுக்கு தான் கர்ப்பிணிக்கு உலக சுகாதார நிறுவனம் 11ன்னு கோடு போட்டிருக்கு, நடு மூணு மாசத்துக்கு 10.5 வரைக்கும் ஒத்துக்கறாங்க. அந்தக் கோட்டுக்கு கீழ 10 வரைக்கும் லேசான சோகை, 7ல இருந்து 9.9 நடுத்தரம், 7க்கு கீழ தீவிரம். உங்க வைஃபுக்கு 9.6, அதனால இது தண்ணி சேந்ததால மட்டும் வந்த கொற இல்ல, நெஜமான சோகை, வைத்தியம் வேணும். இது உங்க வீட்ல மட்டும் இருக்கற பிரச்சனையும் இல்ல, 2019–21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நாட்டுல கர்ப்பிணிங்கள்ல 52.2 சதவீதம் பேருக்கு சோகைன்னு வந்துச்சு. ரெண்டுல ஒருத்தர். பொதுவா இருக்குங்கறதால இத லேசா எடுத்துக்காதீங்க. பிரசவத்துல ரத்தம் போறப்ப 12 இருக்கறவ தாங்கறத 8 இருக்கறவ தாங்க மாட்டா, நான் ரத்தம் க்ராஸ் மேட்ச் பண்ணிக் குடுத்த எத்தனையோ ராத்திரி அந்த மாதிரி தான்.

அடுத்தது எம்.சி.வி. 71. செவப்பணுவோட சைஸ் அது, 80க்கு மேல இருக்கணும். சின்னதா இருந்தா நம்ம ஊர்ல ரெண்டு காரணம், பெரும்பாலும் இரும்புச்சத்து இல்லாதது, சில பேருக்கு தலசீமியா கேரியர், அதாவது தலசீமியாங்கற பரம்பரை ரத்தக் கொறைய தனக்கு பெருசா ஒண்ணும் இல்லாமயே கொழந்தைக்கு கடத்தக் கூடியவங்க. உங்க ரிப்போர்ட் போட்டோவுல செவப்பணு கவுன்ட் 4.2ன்னு இருக்கு. 71ஐ 4.2ஆல வகுத்தா 17 கிட்ட வருது. 13க்கு கீழ வந்தா தலசீமியா பக்கம் சந்தேகம் போகும், மேல வந்தா இரும்பு பக்கம். இது குத்துமதிப்பு தான், இத வச்சு முடிவு பண்ண மாட்டாங்க. ஒடம்புல சேத்து வச்ச இரும்பு எவ்ளோன்னு காட்டற ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்து 30க்கு கீழ இருந்தா இரும்பு காலின்னு அர்த்தம். ஹீமோகுளோபின் ஹெச்.பி.எல்.சி.ன்னு ஒரு டெஸ்ட், அதுல ஏ2ங்கற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்கு மேல இருந்தா கேரியர். வாழ்க்கையில ஒரு தடவ எடுத்தா போதும், இத இன்னும் எடுக்கலன்னா டாக்டர்கிட்ட கேளுங்க. அப்படி அவங்க கேரியர்னு வந்தா அடுத்த ரத்தம் உங்களோடது, தம்பி. ரெண்டு பேரும் கேரியரா இருந்தா தான் கொழந்தைக்கு நாலுல ஒரு பங்கு தீவிர தலசீமியா வர வாய்ப்பு, ஒருத்தர் மட்டும்னா அந்த பயம் இல்ல. மனைவிக்கு வந்ததும் புருஷன் டெஸ்ட்டுக்கு வராம நழுவற வீடு நெறய பாத்துட்டேன், நீங்க அப்படி இருக்க மாட்டீங்கன்னு நம்பறேன்.

மாத்திர விஷயத்துல தான் நெறய தப்பு நடக்குது. அரசாங்கம் குடுக்கற மாத்திரையில 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கும். சோகை இல்லாதவங்களுக்கே நாலாம் மாசத்துல இருந்து தெனம் ஒண்ணு, சோகை வந்துட்டா ரெண்டு, எவ்ளோன்னு டாக்டர் சொல்வாங்க. அத டீ காபியோட போட்டா பாதி வீண், டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது, முடிஞ்சா ரெண்டு மணி நேரம் கேப் விடுங்க. கால்சியம் மாத்திரையோட சேத்து போட்டாலும் வீண், நெறய பேர் ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்டு மூணு மாசமா ஏறலங்கறாங்க. சக்கர போடாத எலுமிச்சத் தண்ணி, நெல்லிக்காயோட போட்டா நல்லா சேரும். மலம் கருப்பா போகும், பயப்பட வேண்டாம், அதப் பாத்து நிறுத்திடறாங்க. கொமட்டுதுன்னா ராத்திரி சாப்ட்டப்புறம் போட்டுட்டு படுக்கச் சொல்லுங்க. நாலாம் மாசத்துக்கப்புறம் ஒரு தடவ பூச்சி மாத்திர குடுத்தாங்களான்னும் பாருங்க. ஒழுங்கா போட்டா ஒரு மாசத்துல 1 கிராமாவது ஏறணும், ஏறலன்னா இல்ல மாத்திர ஒத்துக்கலன்னா நரம்பு வழியா இரும்பு ஏத்துவாங்க, அயர்ன் சுக்ரோஸ்னு பேரு. அரசு ஆஸ்பத்திரியிலயே இலவசமா போடறாங்க, உங்களுக்கு பக்கத்துல ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு, மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டாலும் எங்க போடணும்னு சொல்லி அனுப்புவாங்க. 26 வாரம் தான் ஆகுது, ஏத்தறதுக்கு டைம் இருக்கு, ஆனா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளுனா 36 வாரத்துல வந்து நிப்பீங்க.

சாப்பாட்டுல மாதுளைக்கு செவப்பு நெறம் இருக்கற அளவுக்கு இரும்பு கிடையாது. சுவரொட்டி, நல்லா வெந்த கறி, மத்தி, நெத்திலி, முருங்கக்கீர, கொள்ளு, கம்பு, கேழ்வரகு, இதுல எது வீட்ல ஓடுமோ அது. காசிமேடு பக்கத்துல இருக்கறவங்களுக்கு மீனுக்கு என்ன கொற, ஆனா சுறா மட்டும் இப்ப வேண்டாம், அதுல பாதரசம் சேந்திருக்கும். ஈரல் எப்பவாவது கொஞ்சம் போதும், அதுல வைட்டமின் ஏ ஜாஸ்தி.

மாதுளை ஜூஸ நிறுத்தச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அது தான் அந்த 148.

தம்பி, அது நார்மல் இல்ல. லேப்ல அத ரேண்டம் சுகர்னு என்ட்ரி போட்டிருப்பாங்க, அந்த ரேஞ்சுல 148 உள்ள விழுந்துடுச்சு, போல்டு ஆகல. 75 கிராம் க்ளுக்கோஸ் குடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தது 140 இல்ல அதுக்கு மேலன்னா கர்ப்பகால சர்க்கரைன்னு தான் நம்ம நாட்டு அரசாங்க வழிமுறை சொல்லுது. சாப்ட்டு வந்தாலும் சாப்டாம வந்தாலும் ஒரே ஊசி, ஒரே டெஸ்ட், தூரத்துல இருந்து வெறும் வயித்துல வர முடியாத பொண்ணுங்களையும் விட்டுடக் கூடாதுன்னு கொண்டு வந்த முறை இது. நம்ம சென்னை டாக்டர் வி. சேஷய்யா இதுக்காக பல வருஷம் பாடுபட்டவரு, 2022ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அவர் பிறந்த மார்ச் 10 தான் நாட்டுல கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாள். எங்க வடசென்னையில காலையில ஏழு மணிக்கு பஸ் ஏறி வந்து, கையில டிபன் பாக்ஸோட பெஞ்சுல உக்காந்து, அந்த க்ளுக்கோஸ் தண்ணிய மூக்கப் பிடிச்சுட்டு குடிக்கற பொண்ணுங்கள நான் தெனம் பாத்திருக்கேன், அவங்களுக்கெல்லாம் அது எவ்ளோ பெரிய உதவின்னு எனக்குத் தெரியும்.

ஒண்ணு மட்டும் சரி பாருங்க, குடிச்சு அர மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தாங்களா? எடுத்திருந்தா டெஸ்ட் செல்லாது, வேற நாள் திரும்ப எடுக்கணும். எடுக்கலன்னா 148ஐ நம்பலாம். சில டாக்டருங்க வெறும் வயித்துல ஒண்ணு, ஒரு மணி நேரத்துல ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துல ஒண்ணுன்னு மூணு எடுக்கச் சொல்வாங்க, அதுல 92, 180, 153 தான் கோடு, எதாவது ஒண்ணு தொட்டாலும் சர்க்கரைன்னு கணக்கு. மூணு மாச சராசரி, அதாவது ஹெச்.பி.ஏ.1.சி. நார்மலா இருக்கேன்னு யாராவது சொன்னா அத வச்சு நிம்மதியாயிடாதீங்க, கர்ப்பத்துலயும் சோகையிலயும் அந்த டெஸ்ட் சரியா காட்டாது, உங்க வைஃபுக்கு ரெண்டுமே இருக்கு.

இதுக்கு அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லங்கறத மொதல்ல வீட்ல சொல்லுங்க, ஸ்வீட் தின்னதால வந்ததுன்னு யாரும் குத்திக் காட்டக் கூடாது. நஞ்சுக்கொடி சுரக்கற ஹார்மோன் இன்சுலின வேல செய்ய விடாம தடுக்குது, கொழந்தைக்கு சத்து போறதுக்காக ஒடம்பே பண்ற ஏற்பாடு. சில ஒடம்பு அத ஈடு கட்ட இன்சுலின் கூட சுரக்கும், சில ஒடம்பால முடியறதில்ல. நம்ம பக்கத்து பொண்ணுங்களுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தியாவே வருது. கட்டுப்பாட்டுல வைக்கலன்னா கொழந்த ரொம்ப பெருசாகி பிரசவம் கஷ்டமாகும், பொறந்ததும் கொழந்தைக்கு சுகர் திடீர்னு எறங்கும், அம்மாவுக்கு பிரஷர் வரும். கட்டுப்பாட்டுல வச்சா மத்தவங்க மாதிரியே நல்லபடியா பெத்துக்கறாங்க, அத நூத்துக்கணக்குல பாத்திருக்கேன்.

மொதல்ல ரெண்டு வாரம் சாப்பாடு, நடை. பட்டினி போடறது இல்ல, அது தப்பு. மூணு வேள கொஞ்சம் கொறச்சு, நடுவுல மூணு தடவ சுண்டல், மோர், முட்ட, வேர்க்கடலன்னு பிரிச்சு குடுக்கறது. நாலு இட்லிக்கு பதில் ரெண்டு இட்லி, கூட நெறய சாம்பார், ஒரு முட்ட. சோறு ஒரு கப் அளவுல, பக்கத்துல பொரியல் சோத்துக்கு சமமா. ஜூஸ், பேரீச்சம்பழம் கைநெறய, சக்கர போட்ட ஹெல்த் மிக்ஸ் கஞ்சி, இதெல்லாம் ரத்தத்துக்குன்னு குடுக்கறது தான் சுகர ஏத்தும். மாமியார்கிட்ட கோவமா பேசாதீங்க, அவங்க பாசத்துல குடுக்கறாங்க, அத அப்படியே முருங்கக்கீர பக்கம் திருப்பி விடுங்க. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிடணும்னு ஆசப்பட்டா எப்பவாவது ஒரு நாள் முட்டையோட கொஞ்சம், அதுக்கு பதில் அந்த வேள சோறு இல்ல. சாப்ட்டதும் கால் மணி நேரம் மொட்ட மாடியில, இல்ல தெருவுலயே நடந்தா போதும். அப்புறம் சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல எடுத்தா 120க்கு கீழ, வெறும் வயித்துல 95க்கு கீழ இருக்கணும். வரலன்னா மெட்ஃபார்மின் இல்ல இன்சுலின் ஆரம்பிப்பாங்க, இன்சுலின் கொழந்தைக்கு போகாது, பயந்து தள்ளிப் போடாதீங்க. பிரசவம் ஆகி ஆறு வாரத்துல திரும்ப அதே க்ளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கணும், கொழந்த பொறந்த சந்தோஷத்துல எல்லாரும் மறக்கறது இது, பிற்காலத்துல சர்க்கர வர வாய்ப்பு இவங்களுக்கு ஜாஸ்தி.

இதே மாதிரி மத்தவங்க என்கிட்ட அழுதுட்டு வர்ற சில ரிப்போர்ட் இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன், படிக்கற வேற யாருக்காவது ஆகும். கொழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் மாதிரி குரோமோசோம் கொற இருக்க வாய்ப்பு எவ்ளோன்னு பாக்கற டபுள் மார்க்கர்ல ஹை ரிஸ்க், 1:150ன்னு வந்தா, அதே மாதிரி 150 அம்மாவுல 149 பேருக்கு கொழந்த அந்தக் கொற இல்லாம இருக்கும்னு அர்த்தம். அது சல்லட போடற டெஸ்ட், கொழந்தைக்கு இருக்கு இல்லன்னு சொல்ற டெஸ்ட் இல்ல, அடுத்து அம்மா ரத்தத்துல கலந்திருக்கற டி.என்.ஏ.வப் பாக்கற என்.ஐ.பி.டி. இன்னும் நல்லா சலிச்சுக் காட்டும், ஆனா உறுதியா தெரியணும்னா பனிக்குட நீர் எடுத்துப் பாக்கணும். எட, வயசு, வாரம் தப்பா எழுதிக் குடுத்தா கணக்கே மாறிடும், அதையும் ஒரு தடவ பாருங்க. சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கு எடுக்கற வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ்னு வந்து புருஷன் பொண்டாட்டி சண்ட போட்ட வீடு எனக்குத் தெரியும், கர்ப்பத்துல அது பொய்யாவும் பாசிட்டிவ் காட்டும், டி.பி.ஹெச்.ஏ. எடுத்து உறுதி பண்றதுக்கு முன்னாடி யாரும் யாரையும் ஒரு வார்த்த பேசக் கூடாது. கொழந்தைய பாதிக்கற ரூபெல்லா மாதிரி சில கிருமிங்களுக்கு எடுக்கற டார்ச் டெஸ்ட்ல ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ்னா எப்பவோ வந்து போன கிருமிக்கு ஒடம்புல எதிர்ப்பு இருக்குன்னு அர்த்தம், அதுக்கு மாத்திர வேண்டாம். காரணமே இல்லாம எல்லாருக்கும் அந்த டெஸ்ட்ட எழுதறது எனக்குப் பிடிக்காது, காசும் போகுது நிம்மதியும் போகுது. மஞ்சக்காமால பி, அதாவது ஹெபடைடிஸ் பி, பாசிட்டிவ் வந்தா ஒளிக்காம பிரசவம் பாக்கற எடத்துல சொல்லுங்க, கொழந்த பொறந்த 12 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டா பெரும்பாலும் தடுத்துடலாம், தாய்ப்பாலும் குடுக்கலாம். அம்மா நெகட்டிவ் க்ரூப், அப்பா பாசிட்டிவ்னா 28 வாரத்துல ஆன்டி டி ஊசி, பிரசவம் ஆகி கொழந்தையும் பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு.

வெள்ளிக்கெழம வரைக்கும் காத்திருக்கக் கூடாததும் இருக்கு. விடாத தலவலி, கண்ணு மங்கறது, வலது பக்கம் விலாவுக்கு கீழ வலி, முகம் திடீர்னு வீங்கறது, பிரஷர் 140க்கு 90 இல்ல அதுக்கு மேல, இதோட பிளேட்லெட் எறங்கி எஸ்.ஜி.பி.டி. ஏறுனா அது உயிருக்கு ஆபத்தான நெலம, நம்பர் கொஞ்சம் தான் மாறியிருக்குன்னு பாக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. ஹீமோகுளோபின் 7க்கு கீழ, மூச்சு வாங்குது, படபடப்புன்னா அதுவும் அன்னைக்கே. கண்ணு மஞ்சளா ஆனாலும் அன்னைக்கே, தண்ணியில சாக்கட கலந்து வர்ற தெருவுல ஹெபடைடிஸ் ஈ வரும், மத்தவங்களுக்கு வந்து போற அந்தக் காமால கடைசி மூணு மாச கர்ப்பிணிக்கு ரொம்ப ஆபத்து. கொழந்த அசைவு கொறஞ்சாலும் ரிப்போர்ட் எல்லாம் ஓரமா வச்சுட்டு கெளம்பிடுங்க.

அரிப்பப் பத்தி மட்டும் தனியா சொல்றேன். கொருக்குப்பேட்டையில எட்டு மாசத்துல ஒரு பொண்ணு, ராத்திரியானா உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்குது, தூக்கமே இல்ல. ஒடம்பு சூடுன்னு சொல்லி வீட்ல எண்ண தடவி, நலங்கு மாவு தேய்ச்சு பத்து நாள் ஓட்டிட்டாங்க. வேற எதுக்கோ ரத்தம் குடுக்க வந்தப்ப கையப் பாத்தேன், தோல்ல ஒரு தடிப்பு கூட இல்ல, நகம் பட்ட கீறல் தான் வரி வரியா இருந்துச்சு. டாக்டர்கிட்ட சொல்லி எஸ்.ஜி.பி.டி.யும் பித்த அமிலமும் எடுத்தோம், ரெண்டும் எகிறிப் போயிருந்துச்சு. பித்த அமிலம் 100ஐத் தாண்டுனா கொழந்த வயித்துக்குள்ளயே போயிடற ஆபத்து இருக்கு. அட்மிட் பண்ணி, மாத்திர குடுத்து, 37 வாரத்துக்கு முன்னாடியே பிரசவம் பாத்தாங்க, கொழந்த நல்லா இருக்கு. தடிப்பு இல்லாம உள்ளங்கை உள்ளங்கால் அரிச்சா அத சூடுன்னு விடாதீங்க.

வெள்ளிக்கெழம போறப்ப பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு போங்க, மூணாம் மாசத்துல ஹீமோகுளோபின், பிளேட்லெட் எவ்ளோ இருந்துச்சோ அதோட இத வச்சுப் பாத்தா தான் எறங்கற வேகம் தெரியும். ஒரு சீட்டுல நாலு கேள்வி எழுதிக்கோங்க: ஃபெரிட்டினும் ஹெச்.பி.எல்.சி.யும் எடுக்கணுமா, இரும்பு மாத்திரையா ஊசியா, 148க்கு டயட் யார் சொல்லித் தருவாங்க, பிளேட்லெட் எப்ப திரும்ப எடுக்கறது. லேப்ல போய் அந்த சுகர ரேண்டம்னு இல்லாம க்ளுக்கோஸ் குடுத்து ரெண்டு மணி நேரம்னு மாத்தி பிரிண்ட் வாங்கிக்கோங்க, அவசரத்துல பாக்கற யாரும் போல்டு இல்லன்னு அந்த வரிய தாண்டிப் போயிடக் கூடாது. அப்புறம் அன்னைக்கு வாந்தி எடுத்தாங்களான்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, 148ஐப் பாத்ததும் டாக்டர் அதத்தான் கேப்பாங்க.